பிணக்கக்கார எண்கள்

என் மகளுக்கு எண்கள் மேல் ஆசை வந்தது ரப்பர்க் கொட்டைகளால்தான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே கிடக்கிற எங்கள் ஊரில் ரப்பர் மரம் இல்லாத வீட்டு வளவு குறைவு. வெயில் ஏறும்போது காய்கள் பட்டென்று வெடிக்கும். பழுப்பில் புள்ளி போட்ட கொட்டைகள் முற்றம்வரை தெறித்து விழும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் துணி துவைக்கையில், நாலு வயது மகள் துவைகல்லின் பக்கத்தில் குத்தவைத்து அந்தக் கொட்டைகளை அடுக்குவாள். நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் லேபில் இரத்தம் எடுப்பது என் வேலை. வாரத்தில் அந்த ஒரு பகல்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைப்பது.

"வரி வரியா வை மக்கா. எல்லா வரியிலயும் ஒரே எண்ணம் வரணும்" என்று நான்தான் ஒரு நாள் சொல்லிக்கொடுத்தேன். சோப்புக் கையோடு சொன்ன விளையாட்டு அது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சில வாரம் கழித்து என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, பன்னெண்டு நல்ல பிள்ளையாக்கும். மூணு மூணா நிக்கச் சொன்னா நிக்கும், நாலு நாலா நிக்கச் சொன்னாலும் நிக்கும். இந்தப் பதிமூணு பிணக்கக்காரி. எப்பிடிச் சொன்னாலும் ஒருத்தி தனியாப் போய் நிக்கியா."

"வேற யாரெல்லாம் பிணக்கக்காரி?"

"அஞ்சு. ஏழு. ஒம்பது இல்ல, ஒம்பது மூணு மூணா நிக்கும். பதினொண்ணு பெரிய பிணக்கக்காரி."

என் கணவர் கணக்கு படித்தவர். பள்ளிக்கூடங்களில் தினக்கூலிக்குக் கணக்குப் பாடம் எடுத்துவந்தார். அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். முதலில் அவர் நம்பவில்லை. கொட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, அவள் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார். அவள் அடுக்கிக் காட்டக் காட்ட அவர் முகம் மாறியது. பகா எண்ணை யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்துவிட்டாள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கடைசிப் பிணக்கக்காரி யாரு அப்பா?" என்று கேட்டாள்.

"கடைசின்னு ஒருத்தி இல்ல மக்கா. வரிசை நிக்காது. வந்துகிட்டே இருப்பாளுவ."

அதைக் கேட்டு அவள் கைகொட்டிச் சிரித்தாள். அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வளவு முழுக்க நடந்தார். அன்று அவர் நல்ல அப்பாவாக இருந்தார். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாகாது.

அடுத்த வருடம் அவர் பெயர் இருந்த அரசு வேலை ராங்க் லிஸ்ட் காலாவதியானது. அவருக்கு முன்னால் நின்ற ஆளோடு நியமனம் நின்றுபோனது. வயதும் கடந்துவிட்டது. அவர் யாரிடமும் புலம்பவில்லை. வீட்டை ஒட்டி ஷீட் போட்டு, பெஞ்சுகள் வாங்கிப் போட்டு, ட்யூஷன் தொடங்கினார். தனுவச்சபுரம் பக்கத்திலிருந்துகூடப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள். கணக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் சிரிப்பு மட்டும் முன்புபோல் இல்லை. ஏதாவது ஒரு பிள்ளை தப்புச் செய்யக் காத்திருப்பவர்போல வாயோரத்தில் சிரிப்பார்.

மகளை முதல் தடவை ஷெட்டுக்குள் அழைத்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நான் அடுக்களையில் இருந்தேன். ஜன்னல் வழியே எல்லாம் தெரியும், கேட்கும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பலகை முன்னால் நின்றாள். உயரமான, வாய் பேசாத பிள்ளை. தொண்ணூற்றொன்று பகா எண்ணா இல்லையா என்று கேட்டிருந்தார். அவள் பகா எண் என்று எழுதியிருந்தாள். பெரியவர்களே தடுக்கி விழுகிற இடம் அது.

"மோளே, இஞ்ச வா" என்று அவர் கூப்பிட்டார். மகள் கையில் பாதி பிஸ்கட்டோடு ஓடினாள். ஆறு வயது ஆகியிருக்கவில்லை.

"தொண்ணூத்தொண்ணு பிணக்கக்காரியா?"

"இல்ல அப்பா. பாத்தா அப்பிடித் தோணும். ஏழு வரியா நிப்பா, வரிக்குப் பதிமூணு. நான் அடுக்கிப் பாத்திருக்கேன்."

அவள் சந்தோஷத்தில் சொன்னாள். கூட விளையாடும் கூட்டுக்காரியைப் பற்றி ஒருத்தர் விசாரித்தால் எப்படிச் சொல்வாளோ அப்படி.

"கேட்டியாடீ? பிஸ்கட் தின்னுத பிள்ள. ஒனக்கு மீசை மொளைக்காத கொறைதான், அந்த வளத்தி வளந்திருக்க" என்றார் அந்தப் பெண்ணிடம். எல்லோரும் சிரித்தார்கள். "காதைப் பிடி. இவளைப் பாத்து, 'தேங்க்யூ டீச்சர்'னு சொல்லு."

அந்தப் பெண் சொன்னாள். கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னாள். மகள் சிரித்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்து, "அம்மா, நான் டீச்சராக்கும்" என்றாள்.

அன்று ஷெட் காலியானதும் நான் அவரிடம் பேசினேன். "பிள்ளைய வச்சி மற்ற பிள்ளையள நாணங்கெடுத்தாண்டாம்."

"நாணம் வந்தாத்தான் படிப்பு வரும். ஒனக்கு ரத்தம் எடுக்கத் தெரியும்லா, அதைப் பாரு."

அதன் பிறகு அது வழக்கமானது. ஒருத்தன் திணறினால் உடனே அவளைக் கூப்பிடுவார். அவள் வந்து நிற்க ஒரு சின்ன முக்காலிகூட வாங்கிப்போட்டார். ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைத்தார். மின்கம்பத்தில் கட்டியிருந்த அதில் அவள் படம் பெரிதாக இருந்தது. கண்ணாடி போடாத பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டிப் படம் எடுத்திருந்தார். 'குட்டிக் கணித மேதை' என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுத்து. கீழே ட்யூஷன் விவரம். பஸ் அந்த இடத்தில் திரும்பும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மகளைக் குளிப்பாட்டும்போதுதான் சூட்டுப் புண்ணைக் கண்டேன். வலது கையின் உள்பக்கம், முழங்கைக்கு மேலே, நகம் அளவுக்கு வட்ட வட்டமாகச் சிவந்து, ஒன்றிரண்டு கொப்புளமாகியிருந்தன. தண்ணீர் பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு உடனே பிடிபட்டது. நாங்களும் சின்னதில் செய்திருக்கிறோம். ரப்பர்க் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் வேகமாக உரசினால் கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். பக்கத்திலிருப்பவள் தொடையில் வைத்துவிட்டு ஓடுவோம். ஒரு தடவை, விளையாட்டாக. இது விளையாட்டாகத் தெரியவில்லை. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வைத்திருந்தது.

"யாரு மக்கா?"

துவட்டி, மருந்து தடவி, மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டபோது சொன்னாள்.

"அந்த வளந்த அக்கா. பின்னால மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போச்சு."

"நீ ஏன் கூவல்ல? அழக்கூட இல்லியே."

"டீச்சர்மாரு அழமாட்டாங்கன்னு அக்கா சொல்லிச்சு. அழுதா நான் டீச்சர் இல்லன்னு சொல்லிச்சு."

அவரிடம் கையைக் காட்டினேன். விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிடம் அவர் முகம் வாடியதுபோல இருந்தது. அதோடு சரி.

"பொறாமையாக்கும்" என்றார். "இந்த வயசுக்காரி மேல அந்த வயசுக்காரிக்குப் பொறாமை வருதுன்னா நம்ம ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம். இதை வெளிய சொல்லாண்டாம். ட்யூஷன் பேரு கெடும்."

மறுநாள் அவர் அந்தப் பெண்ணைத் திட்டவுமில்லை, வெளியே அனுப்பவுமில்லை. அப்படிச் செய்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். மகளை, கையில் கட்டோடு, முக்காலியில் ஏற்றி நிறுத்தினார். எதிரே அந்தப் பெண்ணை நிறுத்தினார். இரண்டு பேரிடமும் ஒரே கணக்கைக் கேட்டார். ஒன்று முடிந்ததும் அடுத்தது. மகள் முதல் கணக்குக்குப் பதில் சொன்னபோது அந்தப் பெண்ணின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. கடைசியில் அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிப் போனாள். பிறகு வரவில்லை. நான் லேபிலிருந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது; ஷெட்டில் இருந்த ஒரு பிள்ளைதான் நடந்ததை எனக்குச் சொன்னாள். "பயந்து ஓடிட்டா" என்று அவர்தான் பெருமையாகச் சொன்னார்.

மகள் அதன்பின் ஷெட்டுக்குப் போகமாட்டேன் என்றாள். கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். அவர் அடிக்கவில்லை. அடிக்கிற ஆள் அல்ல என்று அவருக்கே ஒரு பெருமை உண்டு. சாப்பாட்டு நேரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். மரச்சீனிக் கிழங்கும் மீனும் அவளுக்கு உயிர். தட்டைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு கணக்குக் கேட்பார். சொன்னால் ஒரு துண்டு கிடைக்கும். யோசித்தால் அந்தத் துண்டு அவர் வாய்க்குப் போகும். அவள் கண் கிழங்கின் பின்னாலேயே போகும். சொல்லி ஜெயித்த துண்டை விழுங்கத் தெரியாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பாள்.

"நாய்க்குக்கூட இப்பிடிச் சோறு வைக்கமாட்டாங்க" என்று நான் தட்டைப் பிடுங்கினேன். அவர் நிதானமாகக் கை கழுவப் போனார். "நாய்க்குப் புத்தி வேண்டாம். இவளுக்கு வேணும்" என்றார்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெருங்கடவிளையில் உள்ள என் தாய்வீட்டுக்குப் போனேன். அங்கே அண்ணனும் அம்மையும் இருந்தார்கள். முதல் நாள் நன்றாகக் கவனித்தார்கள். அதற்கு மறுநாள் அண்ணன் திண்பண்டம் வாங்கிவந்து, உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டான்.

"அடிச்சாரா?"

"இல்ல."

"குடியா?"

"இல்ல."

"பின்ன? ஊரில அவனவன் குடிச்சிட்டு வந்து பெண்டாட்டி பிள்ளையளப் போட்டு மெதிக்கினும். ஒனக்க மாப்பிள பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்குடுக்கியாரு. இதுக்கா நீ எறங்கி வந்த? வெளிய சொன்னா சிரிப்பினும்."

நான் மகளின் கையை நீட்டிக் காட்டினேன். "அது அவரு செய்ததா?" என்றான். இல்லை என்று சொல்லத்தான் முடிந்தது. அம்மை அதற்குள் மருமகனுக்குக் கொடுத்துவிட, பலாப்பழத்தில் கிண்டிய சக்க வரட்டியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பைக்கில் வந்தார், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினார், மகளுக்குப் புது உடுப்பு கொண்டுவந்திருந்தார். அம்மையின் கண் நிறைந்துவிட்டது. பைக்கில் திரும்பும்போது எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்த மகள், காற்றில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மாமாவுக்கு நம்மள வேண்டாம் போல அம்மா."

அந்தப் புது உடுப்பு ட்யூஷன் ஆண்டு விழாவுக்கு. கல்யாண மண்டபம் எடுத்திருந்தார். பெற்றோர்கள் வந்திருந்தார்கள், எங்கள் சபைக்காரர்கள் வந்திருந்தார்கள், வார்டு மெம்பர் மேடையில் நடுவில் இருந்தார். மகளை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தி மைக்கைக் கையில் கொடுத்தார். மெம்பர் கேள்வி கேட்கட்டும் என்றார். மெம்பர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சுலபமாகவே கேட்டார்.

"இருபத்தஞ்சை நாலால பெருக்கினா?"

"நூத்தொண்ணு."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பிள்ளை பதறிவிட்டது என்று நினைத்தார்கள்.

"செரி, பதினேழும் இருபத்தாறும்?"

"நாப்பத்திநாலு."

"ஒம்பது பன்னெண்டு?"

"நூத்தி ஒம்பது."

சரியான விடைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நூறு, நாற்பத்து மூன்று, நூற்றெட்டு. பதறுகிற பிள்ளை இப்படித் தப்புச் செய்யாது. ஒவ்வொரு விடையையும் சரியாகக் கண்டுபிடித்து, அதோடு ஒன்றைக் கூட்டி, அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மைக்கைப் பிடித்தபடி நேராக என்னையே பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது.

கணக்குப் படித்த அவருக்கு அது பிடிபடவில்லை. முதல் தப்பிலேயே அவர் காது அடைத்துவிட்டது. கூட்டத்தின் சிரிப்பு மட்டும்தான் அவருக்குக் கேட்டது. இப்போது வெளிப்படையாகவே சிரித்தார்கள். ஷெட்டில் காதைப் பிடித்து நின்ற பிள்ளைகள்தான் அதிகம் சிரித்தார்கள். ஒருத்தன், "தேங்க்யூ டீச்சர்!" என்று பின்வரிசையிலிருந்து கத்தினான். அவர் மைக்கை வாங்கி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி, அவளை இறக்கிவிட்டார். இறக்கும்போது அவர் விரல்கள் அவள் புஜத்தில், ஆறிவந்த புண் மேலேயே அழுந்தின. அவள் முகம் சுளிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளைத் தன் முன்னால் நிறுத்தினார். சத்தம் போடவில்லை.

"இனி யாருகிட்டயும் நீ எனக்க மோளுன்னு சொல்லாண்டாம்."

அவள் தலையாட்டினாள். சொன்னால் கேட்கிற பிள்ளை.

தூங்கவைக்கும்போது காதோடு காதாகக் கேட்டேன். "ஏன் மக்கா ஒண்ணு கூட்டிச் சொன்ன?"

"தப்பாச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கல்லா. சிரிச்சா சுடமாட்டாங்க."

நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே அவள் மறுபடி மேதையாகிவிடுவாள்.

சில நாளில் ஜங்ஷன் ஃப்ளெக்ஸை அவரே இறக்கிக் கொண்டுவந்தார். பிளேடால் அவள் முகத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியை விறகு நனையாமலிருக்கப் பின்புறம் மூடினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் அந்தச் சதுர ஓட்டையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதற்குள் கையை விட்டு ஒரு விறகை உருவி எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான் விறகு கொண்டுவரச் சொல்லியிருந்தேன்.

அவர் சொன்னதைச் செய்கிற மனிதர். அன்றிலிருந்து அவளிடம் நேராகப் பேசுவது நின்றது. "ஒனக்க மோளுக்குச் சோறு போடு", "ஒனக்க மோளுக்குப் பள்ளிக்கூட வண்டி வந்தாச்சு" என்று என்னிடம் சொல்வார், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. விருந்தாட்கள் விசாரித்தால், "சின்னதில ஒரு மினுக்கம் இருந்திச்சு. அணைஞ்சாச்சு" என்பார். அவள் அந்தப் பக்கம் காப்பி கொண்டுவருவாள். அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. ஒளிவதை விட்டுவிட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள். கொட்டைகள் தெறித்து விழும் மாதத்தில் அவற்றை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் சுமாரான மதிப்பெண். அவளால் அவ்வளவுதான் முடிகிறதா, வேண்டுமென்று அந்த அளவில் நிறுத்துகிறாளா என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை கேட்டேன். "எதுக்கும்மா?" என்று திருப்பிக் கேட்டாள்.

போன வருடம் எங்கள் லேபுக்கு ஓர் இளம்பெண் வந்தாள். நர்சிங் படிப்பில் சேர உடல் பரிசோதனை. கையை நீட்டி உட்கார்ந்தபோதுதான் அடையாளம் தெரிந்தது, அதே வளர்த்தி. அவளும் என்னைத் தெரிந்துகொண்டாள். ரப்பர்க் குழாயைக் கட்டி நரம்பைத் தேடினேன். ஊசி என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"பாப்பாக்குக் கையில அடையாளம் போச்சா ஆன்டி?"

"போகல்ல."

இரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருந்தது. பஞ்சை வைத்து, "அமுக்கிப் பிடி" என்றேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. கதவுவரை போய்விட்டுத் திரும்பி, "சாருக்குச் சொகந்தானா?" என்று கேட்டாள். அவர் செத்துவிட்டார் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிற குரல். சுகம் என்றேன். போய்விட்டாள்.

இந்த மாதம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. சபைக்காரர்கள் முன்னறையில் பாய்விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. நான் காப்பி தம்ளர்களோடு பக்கவாட்டில் நின்றேன். பத்து வயதான மகள் படிக்கட்டில் இருந்தாள். அடுத்த வீட்டு நாலு வயதுக் குட்டி செருப்புகளை ஜோடி ஜோடியாக நேராக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வைத்து முடித்ததும் அவள் முகம் திடீரென்று மலர்ந்தது.

"அக்கா! உள்ள பதினாறு பேரு உண்டு! உள்ள பாக்காண்டாம், செருப்பைப் பாத்தாப் போதும். ஆளுக்கு ரெண்டு!"

மகள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். அது திமிறியது. விடாமல் இன்னொரு கையால் அதன் தொடையைப் பிடித்து நன்றாகக் கிள்ளினாள். சதை திருகுகிற கிள்ளு.

"சொல்லாத. தெரியும்னு யாருகிட்டயும் சொல்லாத. கேட்டுதா?"

முன்னறை ஜன்னலில் அவர் தலை தெரிந்தது. பல வருடங்களாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் இருந்தது. "யாரு அது கணக்கு சொன்னது?" என்றார்.

"நானாக்கும்" என்றாள் மகள். "சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அவர் அவளைப் பார்த்தார். வெளிச்சம் போய்விட்டது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். குட்டி தொடையைத் தடவிக்கொண்டு, சத்தம் வராமல் வாயைக் கோணி அழுதது. மகள் அதன் கண்ணைத் துடைக்கவில்லை. ஜோடி சேர்த்து வைத்திருந்த செருப்புகளைக் காலால் தள்ளித் தள்ளிக் கலைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாட்டு தொடங்கியது. நான் காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.